கோபமா, குமட்டலா? பட்டனை அழுத்துங்க!

'சத்தம் போடாதீர்கள், பரிசோதனை நடக்கிறது' என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இப்படி ஒரு கதவைப் பார்த்தால் யாருக்குத்தான் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றாது? எனக்கோ ராஜ மரியாதையோடு உள்ளே போய் உட்காரவே வாய்ப்புக் கிடைத்துவிட்டது. சென்னையில் ஒரு கல்லூரியின் உளவியல் துறை. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் ஆய்வுக்கு ஆட்கள் தேவை. 18 வயது நிரம்பியிருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்றார்கள். அடடா, எதிரே இருப்பவர் முகத்தைப் படிக்கும் வேலையை பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் காலம் முழுக்கச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டுதானே இருக்கிறோம்! உடனே பேர் கொடுத்துவிட்டேன். வாங்க, செருப்பை வெளியே விட்டுவிட்டு நீங்களும் கூடவே வாங்க.

சினிமாவில் வருவது போல் கண்சிமிட்டும் விளக்குகளும் வெள்ளைக் கோட்டுகளும் இருக்கும் என்று நினைத்தால், இருப்பது ஒரு ஸ்டீல் பீரோ. அதன் மேல் ஃபைல் கட்டுகள். மூலையில் உயிர் போன ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் யாரோ வைத்த மணி பிளான்ட். ஜன்னல் கண்ணாடி முழுக்கக் கறுப்பு சார்ட் பேப்பர். காலையில் வருகிறவருக்கும் சாயங்காலம் வருகிறவருக்கும் அறையில் ஒரே வெளிச்சம் இருக்க வேண்டுமாம். வெள்ளைப் பலகையில் கொட்டை எழுத்தில் மூன்று வரி: 'சந்தோஷம் போதும். பயம் பத்தலை. அருவருப்பு திரும்ப எடுக்கணும்!' எந்தச் சாமியார் அருளிய உபதேசம் இது என்று கேட்டேன். "ஐயோ அக்கா, அது போட்டோ கணக்கு!" என்று ஆய்வு மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரித்தவர் அடுத்த நிமிடமே முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு ஒரு தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். வருகிற எல்லோருக்கும் அதே வாக்கியங்கள், அதே குரல். ஒருவருக்கு இளித்துக்கொண்டும் இன்னொருவருக்குக் கடுகடுவென்றும் சொன்னால், அதுவே அவர்கள் விடையை மாற்றிவிடுமாம். திரும்பத் திரும்பச் சொல்லி அந்தப் பாடம் ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. ஒருநாள் ராத்திரி ஹாஸ்டலில் தூக்கத்தில் "திரையின் நடுவே ஒரு கூட்டல் குறி தோன்றும்" என்று உளறியிருக்கிறார். பக்கத்துக் கட்டில் தோழி, "தோன்றட்டும்டி, நீ தூங்கு" என்றாராம்.

அடுத்து காகிதப் படலம். என்ன ஆய்வு, எவ்வளவு நேரம், என் விடைகளை யார் பார்ப்பார்கள் என்று சொல்லும் விளக்கத் தாள். பிறகு ஒப்புதல் படிவம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி: எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே எழுந்து போகலாம். "இதெல்லாம் இல்லாத காலத்துல என்ன நடந்துச்சு தெரியுமாக்கா?" என்று மாணவி குரலைத் தாழ்த்தினார். ரகசியம் கேட்க நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்னி லாண்டிஸ் என்ற ஆய்வு மாணவர் இருந்தார். வந்தவர்கள் முகத்தில் கருக்கிய தக்கையால் கறுப்புக் கோடுகள் போட்டார். எந்தத் தசை எங்கே இழுக்கிறது என்று போட்டோவில் தெரிவதற்காக. அமோனியாவை முகரச் சொன்னார். தவளைகள் கிடந்த வாளிக்குள் கையை விடச் சொன்னார். கடைசியில் உயிருள்ள வெள்ளை எலி ஒன்றைக் கொடுத்து, தலையை வெட்டச் சொன்னார். முக்கால்வாசிப் பேர் முரண்டு பிடித்தாலும் பலர் கடைசியில் வெட்டியும் விட்டார்கள்! 1924-ல் லாண்டிஸ் எழுதிய முடிவு அதைவிட வேடிக்கை. இந்த உணர்ச்சிக்கு இந்த முகம் என்று எதுவும் அவர் கையில் சிக்கவில்லை. எந்தக் கொடுமையைச் செய்யச் சொன்னாலும் ஜனங்கள் அடிக்கடி காட்டிய முகம், சிரித்த முகம்தான். இன்று எந்த நெறிமுறைக் குழுவிடமும் எலியைக் காட்டி அனுமதி வாங்க முடியாது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

"அக்கா, கண்ணுக்கு மை போட்டிருக்கீங்களா?" போட்டிருந்தேன். கண் எங்கே போகிறது என்று பின்தொடரும் கருவிக்கு எது மை, எது கண் பாப்பா என்று குழம்பிவிடுமாம். மேஜை டிராயரிலிருந்து ஒரு குட்டித் தேங்காய் எண்ணெய் பாட்டிலும் பஞ்சும் வெளியே வந்தன. இத்தனை விலையுள்ள கருவிக்குப் பரிகாரம் தேங்காய் எண்ணெய்! பிறகு கண் டாக்டர் அறையில் இருப்பதைப் போன்ற தாங்கியில் தாடையை வைத்துக்கொண்டு, திரையில் அங்கும் இங்கும் முளைக்கும் புள்ளிகளைத் துரத்த வேண்டும். கருவி என் கண்ணைப் பழகிக்கொள்கிறது.

கண் போகிற இடத்தில் அப்படி என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ரேச்சல் ஜாக்கும் சகாக்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மேற்கத்தியர்கள் முகம் முழுவதும் கண்ணை ஓட்டினார்கள். கிழக்காசியாவிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் கண் பகுதியிலேயே நின்றுவிட்டார்கள். கண்ணை மட்டும் பார்த்தால் பயமும் ஆச்சரியமும் கிட்டத்தட்ட ஒன்று; இரண்டிலும் கண் விரிகிறது. அதனால் அவர்கள் அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். பலகையில் பயத்துக்கு ஏன் தட்டுப்பாடு என்று லேசாகப் புரிய ஆரம்பித்தது.

விளக்கு அணைகிறது. இதோ, ஹாஸ்டலையே எழுப்பிய அந்தக் கூட்டல் குறி! அதை உற்றுப் பார்க்க வேண்டும். சட்டென்று ஒரு முகம் வரும்; கண் சிமிட்டும் நேரத்தில் போய்விடும். கீபோர்டில் ஆறு பட்டன்களில் ஸ்டிக்கர்: கோபம், பயம், அருவருப்பு, சந்தோஷம், சோகம், ஆச்சரியம். மனசுக்குப் பட்டதை அழுத்த வேண்டும். மறுபடி கூட்டல் குறி. மறுபடி முகம். முதலில் ஒரே குஷி. சிரிக்கும் முகமா, டக். அழும் முகமா, டக். நானே இந்தக் கலையின் மகாராணி. கொஞ்ச நேரத்தில் முகங்கள் குசும்பு செய்யத் தொடங்கின. மூக்கைச் சுருக்கி, புருவத்தை இறக்கி ஒருவர் வருகிறார். கோபமா, குமட்டலா? யோசிப்பதற்குள் ஆள் இல்லை. சரியா தவறா என்று கம்ப்யூட்டரும் மூச்சு விடுவதில்லை.

திரைக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சத்தம். மாணவிதான். படத்தில் வருகிறவர்களோடு சேர்ந்து நானும் மூக்கைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தேனாம்! வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஸ்வீடனில் உல்ஃப் டிம்பர்க் 1982-லேயே கன்னத்திலும் புருவத்திலும் மின்முனை ஒட்டிப் பார்த்துவிட்டார். சிரிக்கும் முகத்தைப் பார்த்தால் பார்ப்பவரின் கன்னத் தசை லேசாக அசைகிறது. கோப முகத்தைப் பார்த்தால் புருவத் தசை. கண்ணாடியில்கூடத் தெரியாத அளவுக்குத்தான் அது. நான் கொஞ்சம் தாராளமாகச் செய்துவிட்டேன், அவ்வளவே.

இடைவேளையில் தட்டில் பிஸ்கட், கூடவே கதைகள். ஒரு தம்பி தாடையைத் தாங்கியில் வைத்தபடியே சுகமாகத் தூங்கிவிட்டாராம். தலை ஆடாது, கழுத்து வலிக்காது. தூங்குவதற்கு அதைவிட வசதி ஏது? இன்னொரு பெண் நடுவில் வீல் என்று கத்தியிருக்கிறார். "இது எங்க கிளாஸ் பையன்!" கோபத்தில் கொதிக்கும் அந்த முகத்தைப் பார்த்து அவருக்கு அடக்க முடியாத சிரிப்பு, அவருடைய விடைகளை ஓரமாக வைக்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து முதல் கேள்வியே, படத்தில் இருப்பவர்கள் யாராவது தெரிந்தவர்களா என்பதுதான்.

ஆக, இந்த முகங்களை இங்கேயேதான் எடுக்கிறார்களா! கெஞ்சிக் கூத்தாடி அந்த அறைக்குள்ளும் நுழைந்துவிட்டேன். உண்மையான விருந்து இங்கேதான். சுவரில் வெளிறிய திரை, இரண்டு பக்கமும் சுடச்சுட விளக்குகள், தரையில் நாற்காலிக் கால்களுக்கு டேப் ஒட்டிய அடையாளம். கொடியில் சாம்பல் நிற டி-ஷர்ட்டுகள், சின்னது முதல் பெரியது வரை. வந்தவர்கள் அதை மாட்டிக்கொண்டு பொட்டு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட வேண்டும். முகத்தைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது.

இந்த டி-ஷர்ட்டுக்கு ஒரு பரம்பரை உண்டு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 1998-ல் உருவான முகத் தொகுப்பு உலகம் முழுக்க ஆய்வறைகளில் புழங்குகிறது. அமெச்சூர் நடிகர்கள் 70 பேர், பாதிப் பேர் பெண்கள். ஆளுக்கு ஏழு பாவங்கள், ஐந்து கோணங்கள், எல்லாம் இரண்டு முறை. மொத்தம் 4,900 படங்கள். எல்லோருக்கும் சாம்பல் டி-ஷர்ட். தாடி, மீசை, தோடு, கண்ணாடி, மேக்கப் எல்லாவற்றுக்கும் தடை. ஒரு மணி நேரம் பாவங்களை ஒத்திகை பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். அந்த விதியை அப்படியே நம் ஊரில் போட்டால் என்ன ஆகும்? மீசையை எடுக்கச் சொன்னதும் பாதிப் பையன்கள் மாயமாகிவிட்டார்கள். "போட்டோவுக்கு முன்னாலேயே சோகம் வந்துருச்சுக்கா, அதையே எடுத்திருக்கலாம்" என்றார் கேமரா பிடிக்கும் தம்பி.

நான் போனபோது ஒரு பெண் பயப்பட முயன்றுகொண்டிருந்தார். "தலையில பல்லி விழுந்துச்சுன்னு நினைச்சுக்கோங்க." நினைத்தார், ஆச்சரியம்தான் வந்தது. "பாம்பு?" இன்னும் பெரிய ஆச்சரியம். "அரியர் ரிசல்ட்?" இப்போது அறை முழுக்கச் சிரிப்பு, சந்தோஷப் படம் ஒன்று உபரியாகக் கிடைத்தது. அருவருப்புக்கு ஒரு மறந்துபோன டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுகிறார்கள்; அதற்கு நடிப்பே தேவையில்லை. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஒன்றுமே இல்லாத சாதாரண முகம். சும்மா இருங்கள் என்றால் ஒருவர் கோபமாகத் தெரிகிறார், இன்னொருவர் துக்க வீட்டுக்குப் போகத் தயாராகிவிடுகிறார். விளக்குச் சூட்டில் நெற்றி வேறு பளபளக்கிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் நடுவே டிஷ்யூவோடு ஒருவர் ஓடுகிறார்.

அடுத்து வந்தவர் பரதநாட்டியம் ஆடுகிறவர். கோபம் என்றதும் ஒரு ருத்ர பார்வை பார்த்தார் பாருங்கள், கேமரா தம்பியே ஓர் அடி பின்வாங்கினார். "சூப்பர் அக்கா, ஆனா பாதி போதும்!" பாவம், வருஷக்கணக்காகக் கடைசி வரிசை வரை எட்டப் பழகிய முகத்தை பாஸ்போர்ட் அளவுக்குச் சுருக்கச் சொன்னால்? ஆனால் அந்த மேடை முகத்துக்கும் ஆய்வுலகில் தனி நாற்காலி இருக்கிறது. நாட்டிய சாஸ்திர மரபின் பாவங்களை அஹல்யா ஹெஜ்மாதி நடித்துக் காட்ட, அந்த வீடியோக்களை புவனேஸ்வரிலும் அமெரிக்காவிலும் போட்டுக் காட்டினார்கள். முடிவு 2000-ல் வெளிவந்தது. நாட்டியம் தெரியாத அமெரிக்கர்களும் நன்றாகவே அடையாளம் கண்டுவிட்டார்கள்.

வெளிநாட்டு முகங்கள்தான் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றனவே, இந்தப் பாடு எதற்கு? நம் ஆளிடம் நம் முகத்தைக் காட்டத்தான். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே இளையவர், மூத்தவர் என்று நடிகர்களை வைத்துப் படங்களையும் வீடியோக்களையும் எடுத்து ஒரு சோதனையை உருவாக்கினார்கள். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்குப் பிறர் முகத்தைப் படிப்பது எவ்வளவு சிரமம் என்று அளக்க அது உதவுகிறது. விளையாட்டாகத் தெரிகிற பட்டன் அழுத்தலுக்குப் பின்னால் இப்படியும் ஒரு பயன்.

சரி, எடுத்த படம் பயம்தான் என்று யார் முடிவு செய்வது? இதைக் கேட்டதும் மாணவியின் கண் பளிச்சிட்டது. "நீங்கதான்கா!" என்ன, நானா? எடுத்த படங்களைப் பெயர் சொல்லாமல் சாதாரண ஜனங்களிடம் காட்டுகிறார்கள். நிறையப் பேர் பயம் என்று சொன்னால் அது பயம். ஆளுக்கொன்று சொன்னால் குப்பைத் தொட்டி. நடித்தவர் மனசுக்குள் என்ன நினைத்தார் என்பது செல்லாது; ஓட்டுதான் செல்லும். நான் காலையிலிருந்து எழுதியதாக நினைத்தது பரீட்சை. உண்மையில் நான் விடைத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன்!

பெயர் பெற்ற சோதனைகளும் இப்படித்தான் பிறந்தன. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001-ல் திருத்தி வெளியிட்ட 'கண்களில் மனதைப் படித்தல்' சோதனையில் பத்திரிகைப் படங்களிலிருந்து வெட்டியெடுத்த 36 ஜோடிக் கண்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். சரியான சொல் எது என்று எப்படி முடிவானது? எட்டு நடுவர்களில் குறைந்தது ஐந்து பேர் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்!

இந்த ஓட்டு விளையாட்டைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் சாட்சாத் சார்லஸ் டார்வின். பிரான்சில் டுஷேன் என்ற மருத்துவர், முகத்தில் தொடு உணர்வு அற்றுப்போன ஒரு முதியவரின் தசைகளை மின்சாரத்தால் தூண்டி விதவிதமான பாவங்களைப் படம் பிடித்திருந்தார். டுஷேனின் விளக்கத்தோடு பார்த்தபோது ஒவ்வொன்றும் டார்வினுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம்தான் சந்தேகம்: விளக்கம் இல்லாவிட்டால்? தன் வீட்டுக்கு வந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் வாயைத் திறக்காமல் படங்களை நீட்டி, இது என்ன உணர்ச்சி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். சில படங்களில் எல்லோரும் ஒரே பேச்சு. சிலவற்றில் ஆளுக்கொரு திசை. இன்று தாடைத் தாங்கி வந்துவிட்டது, கருவி வந்துவிட்டது. கேள்வி அதே கேள்விதான். 1872-ல் வந்த டார்வினின் புத்தகத்துக்கு அருவருப்பு முகம் கிடைக்காமல் போகவில்லை. போட்டோகிராபர் ரெயிலாண்டர் தானே கேமரா முன் நின்று முகத்தைச் சுளித்துவிட்டார். நம் கேமரா தம்பியிடம் இதைச் சொன்னதும், "நானும் ரெண்டு தடவை அப்படி நின்னிருக்கேன்கா" என்றார் பெருமையாக.

கீபோர்டில் இருந்த அந்த ஆறு உணர்ச்சிகளைப் பிரபலப்படுத்தியவர் பால் எக்மன். 1960-களின் கடைசியில் பப்புவா நியூ கினி மலைப்பகுதியில் ஃபோர் மக்களிடம் கதை சொல்லி, பொருந்தும் முகத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னார். நண்பர்கள் வந்திருக்கிறார்கள் என்றால் ஒரு முகம், குழந்தை இறந்துவிட்டது என்றால் ஒரு முகம். வாசலில் காட்டுப் பன்றி நிற்கிறது என்ற கதைக்குப் பயம் வர வேண்டும். பெரும்பாலும் பொருந்தியது, ஆனால் அங்கேயும் பயமும் ஆச்சரியமும் கலந்துதான் போயின. அதே நாட்டின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் 2016-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் கதையே தலைகீழ். கண்ணை விரித்து வாயைப் பிளந்த அந்தப் 'பய' முகம், மிரட்டும் முகம் என்றார்கள் அங்குள்ள இளையவர்கள்! ஊர் மாறினால் ஓட்டும் மாறுகிறது. பலகையில் பயம் பத்தாமல் கிடப்பதற்கு அந்தப் பெண்ணின் நடிப்பைக் குறை சொல்ல முடியாது, பாருங்கள்.

கிளம்பும்போது போனஸாக ஒரு தாளைக் காட்டினார் மாணவி: உச்சக்கட்ட ஆட்டத்தில் டென்னிஸ் வீரர்களின் முகங்கள். புள்ளி ஜெயித்த முகம் எது, தோற்ற முகம் எது? வாயைப் பிளந்து, கண்ணை இறுக்கி, எல்லாம் ஒரே அலறல். 2012-ல் ஹிலெல் அவியேசரும் சகாக்களும் செய்த ஆய்வில் முகத்தை மட்டும் பார்த்தவர்களால் சொல்லவே முடியவில்லை. உடம்பைக் காட்டியதும் சொல்லிவிட்டார்கள்; முறுக்கிய கை, தொங்கிய தோள் காட்டிக்கொடுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், முழுப்படத்தைப் பார்த்தவர்கள், முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம் என்று நம்பினார்கள்.

உங்கள் ஊர்க் கல்லூரியில் உளவியல் துறை இருந்தால் ஒருநாள் போய்க் கேளுங்கள். ஆள் கிடைக்காமல்தான் ஆய்வு மாணவர்கள் அல்லாடுகிறார்கள். முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள், கண் மை வேண்டாம், ஒப்புதல் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன அழுத்துவார் என்று மட்டும் யோசிக்காதீர்கள். எல்லோரும் ஊரோடு ஒத்து ஓட்டுப் போட்டால் ஆய்வுக்குக் கிடைப்பது ஒரே விடைதான். உங்களுக்கு அது குமட்டலாகப் பட்டால், குமட்டலையே அழுத்துங்கள்.